உலையின் வலி

இடது தோளுக்குக் கீழே சுரீரென்றது. அமலோற்பவம் கண்களை மூடிக்கொண்டு வலி போகும் வழியைக் கவனித்தாள்.

உருக்காலையின் பெரிய உலைக்குள், அனல் தாங்கும் தீச்செங்கற்களுக்குப் பின்னால் நரம்புவலை ஒன்று பதித்திருந்தார்கள். செங்கல்லில் விரிசல் விழுந்தால் அது அவள் அணிந்திருந்த இணைசட்டைக்குச் சேதி அனுப்பும். உலையில் எந்தப் பக்கமோ, உடம்பில் அந்தப் பக்கம் வலிக்கும். வெறும் கருவிகளை நம்பியிருந்த காலத்தில் மயிரிழை விரிசல்கள் தப்பிவிடும். அப்படித்தான் ஒருமுறை சுவர் பிளந்து, உருகிய எஃகு ஆட்கள்மேல் கொட்டியது. அரிப்புக்கும் வெட்டுக்கும் வித்தியாசம் மனிதத் தோலுக்குத்தான் தெரியும் என்று அதன்பிறகுதான் புரிந்துகொண்டார்கள்.

"கார்வண்ணா, இடப்பக்கம், மேல் வரிசை. இது அரிப்பில்ல, பிளக்குது."

பொறியாளன் கார்வண்ணன் எழுந்தேவிட்டான். "நிச்சயமாக்கா? நிறுத்துனா மறுபடி சூடேத்த வாரக்கணக்குல ஆகும்."

"கீழ அவரு நிக்கிறாரு. முதல்ல ஆளுங்கள வெளிய அனுப்பு."

அவள் கணவன் ததேயுவுக்கு உலைவாயில்தான் வேலை. சங்கு ஊதியது. ஆட்கள் ஓடினார்கள். எஃகை வடித்துவிட்டு, வெப்பம் தாங்கும் கேமரா எந்திரமான தீவண்டை உலைக்குள் ஊர்ந்துபோக விட்டார்கள்.

"கைப்பக்கம் இறங்குது... இப்ப மேல ஏறுது..." பல்லைக் கடித்துக்கொண்டு அவள் சொல்லச் சொல்ல, கார்வண்ணன் தீவண்டை அங்கெல்லாம் நகர்த்தினான். திரையில் செங்கற்கள் கீறலே இல்லாமல் இருந்தன.

"நல்லவேளைக்கா, உலைக்கு ஒண்ணுமில்ல" என்று நிம்மதியோடு திரும்பியவன், அவள் நாற்காலியிலிருந்து சரிந்து கிடப்பதைக் கண்டான்.

மாரடைப்பு. அறுவைசிகிச்சை செய்துதான் பிழைக்கவைத்தார்கள்.

"உன் வலி உனக்கே தெரியலயா?" ஆஸ்பத்திரிக் கட்டிலருகே ததேயு கேட்டான்.

"வலிச்சா உலைக்குத்தான்னு பழகிப்போச்சுங்க" என்றாள் அவள்.

ஆலை நிர்வாகம் சும்மா இருக்கவில்லை. அவள் வேலைக்குத் திரும்பியபோது புதுச் சட்டை தயாராக இருந்தது. அதை அணிந்திருக்கும்வரை சொந்த உடம்பின் வலி மூளைக்கு எட்டாது. உலையின் வலி மட்டுமே எட்டும். "இனிமே குழப்பமே வராதுக்கா" என்றான் கார்வண்ணன். நல்ல மனதோடுதான் சொன்னான்.

போட்டுக்கொண்டாள். முட்டிவலி போயிற்று. நெஞ்சில் தையல் போட்ட இடம் இழுப்பதும் நின்றது. உலையும் அமைதியாக இருந்தது. எங்குமே வலியில்லாமல் உட்கார்ந்திருப்பது அவளுக்கு என்னவோ போலிருந்தது.

சாப்பாட்டு நேரத்தில் ததேயு மேலே வந்தான். "நெஞ்சு எப்படி இருக்கு?"

அவள் கையை நெஞ்சில் வைத்துப் பார்த்தாள்.

"உலை நல்லாயிருக்கு" என்றாள். "என்னோடத, சட்டையக் கழட்டினாத்தான் சொல்ல முடியும்."

"அப்ப கழட்டேன்."

உலைவாயில் ஆட்கள் வேலையில் இருந்தார்கள். அவனும் அங்கே திரும்பிப்போகும் நேரம் ஆகிவிட்டது. அவள் கழற்றவில்லை.