முடுவல் பங்கு

பங்குனிப் பௌர்ணமி நிலா வேங்கைமேட்டுக் கோட்டையின் கீழ்மதிலுக்கு மேலே எட்டிப் பார்த்தபோது, மேற்கே சூரியன் இன்னும் முழுவதும் மறைந்திருக்கவில்லை. ஒரு கரையில் பொன்னும் மறு கரையில் வெள்ளியுமாகக் கருவையாறு தகதகத்து ஓட, மணலில் அடித்திருந்த வேட்டைக் கூடாரங்களுக்கு நடுவே ஒரு காட்டுப்பன்றி நெருப்பில் வெந்துகொண்டிருந்தது. அந்த வாசனையை எழுத்தில் கொண்டுவரும் சாமர்த்தியம் எனக்கில்லை. அன்பு வாசகர்களே, அதை உங்கள் மூக்கிடமே ஒப்படைத்துவிடுகிறேன்.

நெருப்புக்குச் சற்றுத் தள்ளி, வேங்கைமேட்டு இளவரசி தேசமங்கை தன் வேட்டை நாயான மின்னியின் காதில் ஒட்டிய முட்களைப் பிடுங்கிக்கொண்டிருந்தாள். எதிரே குந்தியிருந்தவன் கொற்றன். நாய்களைப் பழக்கும் வேலைக்கு வந்து ஐந்து நாள்தான் ஆகியிருந்தது. அதற்குள் அரண்மனை நாய்களெல்லாம் அவன் காலடியை விட்டு நகர மறுத்தன. இளவரசியும் அடிக்கடி நாய்க் கொட்டடிப் பக்கம் வரத் தொடங்கியிருந்தாள். நாய்களைப் பார்க்கத்தான் வருவதாக அவளே தனக்குச் சொல்லிக்கொண்டாள், பாவம்!

"கொற்றா! எங்கள் புலவர் இவளை ஞமலி என்கிறார், படைத்தலைவர் வெறுமனே நாய் என்கிறார். நீ மட்டும் ஏன் முடுவல் என்கிறாய்?"

"வாசலில் படுத்துக்கொண்டு போகிறவன் வருகிறவனையெல்லாம் பார்த்துக் குரைப்பது நாய், தேவி. முடுவல் என்பது வேட்டைக்கு முன்னால் ஓடுவது. ஆபத்தை முதலில் மோப்பம் பிடிப்பது. கொம்பு குத்திக் கிழித்தாலும் கவ்வியதை விடாதது. போரில் முன்னணியில் போகும் வீரனையும் அந்தப் பெயரால்தான் அழைப்பார்கள்."

"எந்த ஊரில் அழைப்பார்கள்?"

கொற்றனுக்குத் திடீரென்று இருமல் வந்துவிட்டது. "யாரோ சொல்லக் கேட்டது, தேவி" என்று சொல்லிவிட்டு விறகு எடுக்கப் போனான்.

தேசமங்கை யோசனையில் ஆழ்ந்தாள். அவள் தாயும் அந்தச் சொல்லைத்தான் சொல்வாள். தாய் பிறந்தது குன்றூரில். மறைந்து எட்டு ஆண்டுகள் ஆகிவிட்டன. அந்தக் குன்றூரின் இளவல் அன்று காலைதான் மணமகனாக வந்து இறங்கியிருந்தார். வல்லூர் அரசன் வேங்கைமேட்டின் மேல் பாயத் தருணம் பார்த்திருந்தான். அதனால் குன்றூர்த் தலைவர் தம் மகனையும் முந்நூறு வில்லாளிகளையும் அனுப்புவதாகச் சொல்லியிருந்தார். அடையாளம், வில் பொறித்த மோதிரம். வந்தவர் விரலில் அது பளபளத்தது. பட்டும் பன்னீரும் கவிதையுமாக எந்தக் குறையும் சொல்ல முடியாத மாப்பிள்ளைதான். ஆனாலும் இளவரசிக்கு அவரைப் பார்க்கும்போதெல்லாம் எரிச்சலாக வந்தது. அந்த எரிச்சலுக்குக் காரணம் நாய்க் கொட்டடியில் இருக்கிறதோ என்று நினைத்தபோது தன் மேலேயே கோபம் வந்தது.

"மகளே, வா, வா! இலை போட்டாயிற்று!" என்று மழவரையரின் குரல் முழங்கியது. வேங்கைமேட்டு அரசருக்குக் குரலும் பெரிது, தொப்பையும் பெரிது, மனது அவை இரண்டையும்விடப் பெரிது. யாரையும் எளிதில் நம்பிவிடுவார். அன்றும் அப்படித்தான், இலையில் உட்காரும் முன்பே கோட்டையின் வடவாசல் சாவியை எடுத்து மாப்பிள்ளையிடம் நீட்டினார்.

"நிலா உச்சிக்கு வந்ததும் என் வில்லாளிகள் வந்துவிடுவார்கள், மாமா. நானே கதவைத் திறந்து அழைத்துக்கொள்கிறேன்" என்று கூறிய மாப்பிள்ளை, சாவியை இடுப்புப் பட்டுக் கச்சையில் முடிந்துகொண்டார்.

தேக்கிலையில் ஆவி பறக்கும் ஈரல் துண்டு முதலில் வந்தது. மாப்பிள்ளை அதை எடுத்து அப்படியே வாயில் போட்டுக்கொண்டார். வாலை ஆட்டிக்கொண்டு அருகே வந்த மின்னியை, "சீச்சீ! தூரப் போ!" என்று காலால் எத்தித் தள்ளினார்.

தேசமங்கையின் கை இலையின் மேலேயே நின்றுவிட்டது. அவள் பார்வை தற்செயலாக நெருப்பின் பக்கம் போயிற்று. காலையிலிருந்து ஒரு வாய்க் கஞ்சிகூடக் குடிக்காத கொற்றனுக்கு அங்கே யாரோ ஒரு துண்டு இறைச்சி கொடுத்திருந்தார்கள். அவன் அதில் ஒரு வாய் கிள்ளி, உதை வாங்கி வந்த மின்னிக்கு இரண்டு கையாலும் ஊட்டினான். அதன் பிறகுதான் தன் பங்கைத் தொட்டான்.

"அப்பா! தங்கள் கல்யாண விருந்து நினைவிருக்கிறதா?" என்று கேட்டாள் தேசமங்கை.

"மறக்கக் கூடியதா அம்மா? பசி தாங்காமல் முதல் துண்டை நான் தின்றுவிட்டேன். குன்றூரில் வேட்டை நாய்க்கு முதல் வாயை முடுவல் பங்காகப் போடாமல் பச்சைக் குழந்தைகூட இறைச்சியைத் தொடாதாமே, எனக்கென்ன தெரியும்? உன் தாய் மூன்று நாள் என்னோடு பேசவில்லையே!" என்று கலகலவென்று சிரித்தவர், பாதியில் நிறுத்தினார். அவர் கண்கள் மெதுவாக மாப்பிள்ளையின் இலைக்குத் திரும்பின.

"பசி, மாமா... வழிக் களைப்பு..." என்று மாப்பிள்ளை சிரிக்க முயன்றார்.

"களைத்தவர் மறந்ததை, பட்டினி கிடந்தவன் மறக்கவில்லையே!" என்றாள் இளவரசி. "கொற்றா, இங்கே வா. யார் நீ?"

கொற்றன் தன் கையைப் பார்த்தான், மின்னியைப் பார்த்தான், தலையில் அடித்துக்கொண்டான். "ஐந்து நாளாகப் பேச்சை மறைத்தேன், நடையை மறைத்தேன். இந்தப் பாழும் கை காட்டிக்கொடுத்துவிட்டதே! குன்றூர்த் தலைவர் மகன் கொற்றவேள் நான்தான், தேவி. வில்லாளிகளுக்கு முன்னால் தனியே வந்த என்னை வல்லூர்க்காரர்கள் வழியில் மடக்கி மோதிரத்தைப் பறித்தார்கள். மோதிரம் இல்லாதவன் சொல்லை யார் நம்புவார்கள்? அது எப்படியும் இங்கே வந்துசேரும் என்று காத்திருந்தேன். எதிர்க்கரை மூங்கில் புதரில் வல்லூர்ப் படகுகள் நிற்கின்றன. சற்று முன்புதான் என் கண்ணில் பட்டன."

அவன் சொல்லி முடிக்கவில்லை. பட்டு மாப்பிள்ளை இலையைத் தாண்டிப் பாய்ந்து ஆற்றை நோக்கி ஓட்டம் பிடித்தான். அவன் இடுப்பு முடிச்சில் வேங்கைமேட்டின் உயிரே இருந்தது! காவலர்கள் தங்கள் வேல்களைத் தேடினார்கள், அரசர் எழுந்திருக்க முயன்றுகொண்டிருந்தார்.

"மின்னி!" என்றாள் தேசமங்கை.

வில்லிலிருந்து அம்பு புறப்படுவதாவது கண்ணுக்குத் தெரியும், மின்னி புறப்பட்டது யாருக்கும் தெரியவில்லை. முழங்கால் தண்ணீரில் அது பட்டுக் கச்சையைக் கவ்வியது. ஒற்றன் உதைத்தான், குத்தினான், திட்டினான். மின்னி விடவில்லை. கடைசியில் கச்சைதான் அவனை விட்டது! மானம் பெரிதா உயிர் பெரிதா என்று ஒரு கணம் திகைத்த அந்த மகா கவி, உயிரே பெரிதென்று முடிவு செய்து, நிலவொளியில் பிறந்த மேனியாய் எதிர்க்கரைக்கு நீந்திப் போனான். இரு கரையிலும் எழுந்த சிரிப்பில் வல்லூர்க்காரர்களின் சிரிப்பும் கலந்திருந்தது என்றே நினைக்கிறேன்.

மின்னி கச்சையைக் கொண்டுவந்து தேசமங்கையின் காலடியில் போட்டது. உள்ளே சாவி பத்திரமாக இருந்தது. அவள் அந்த ஈர நாயைக் கட்டிக்கொண்டு அழுதாள், சிரித்தாள், மறுபடி அழுதாள்.

கொற்றவேள் மணலில் மண்டியிட்டான். "தேவி, என் வில்லாளிகள் மலையடிவாரத்தில் இருக்கிறார்கள். விடியுமுன் இங்கே நிற்பார்கள். மோதிரம் போய்விட்டது. என்னிடம் இருப்பது ஒரு வாக்கு மட்டும்தான். உயிர் உள்ளவரை உங்களுக்கு முடுவலாய் இருப்பேன்."

"இதென்ன பேச்சு! என் மருமகன் தன்னைத்தானே நாய் என்று சொல்லிக்கொள்வதா?" என்று பதறினார் மழவரையர்.

"அது குன்றூர்க் கல்யாண வாக்கு, அப்பா. அம்மா எனக்குச் சொல்லியிருக்கிறாள். மணமகன் மட்டும் சொன்னால் போதாது" என்ற தேசமங்கை, கொற்றவேளின் முகத்தை நேருக்கு நேர் பார்த்தாள். "நானும் உமக்கு முடுவலாய் இருப்பேன்."

மழவரையர் கண்ணைத் துடைத்துக்கொண்டு இலை முன்னால் போய் உட்கார்ந்தார். புதிதாக அறுத்த ஈரல் துண்டு வந்தது. பசி வயிற்றைக் கிள்ள, அதை இரண்டு கையிலும் ஏந்தி, சொட்டச் சொட்ட நின்ற மின்னியின் முன் நீட்டினார்.

"முடுவலாரே, தாங்கள் முதலில்!" என்றார்.