காது நுனியில் ஒரு சொட்டு

கூரையில் அந்த இடத்தில் மட்டும் பனி நிற்கவில்லை.

ஒதெத் மண்வாரியை ஊன்றிக்கொண்டு அண்ணாந்து பார்த்தாள். வாரம் முழுக்க விடாமல் கொட்டிய பனியில் விறகுக் குவியல் இருந்த இடமே தெரியவில்லை. கொட்டகையின் தகரக் கூரை வெள்ளைப் போர்வைக்குள் கிடந்தது. வீட்டுக் கூரையிலோ, படுக்கையறைக்கு நேர் மேலே, ஓர் ஆள் நீட்டிப் படுத்த அளவுக்குக் கறுப்பு ஓடுகள் ஈரமாகப் பளபளத்தன. அங்கிருந்து வடிந்த நீர் ஜன்னலுக்கு வெளியே கூர்கூராக உறைந்து தொங்கியது. புகைபோக்கி வீட்டின் மறுகோடியில் இருந்தது. இங்கே ஓட்டுக்குக் கீழே இருப்பது கட்டில்தான். அதிலும் எத்தியேன் படுக்கும் பக்கம்.

அவன் உடம்புச் சூடு அவளுக்குப் புதிதில்லை. அக்டோபரில், வேட்டைக்காரர்கள் மூஸ் மான்களை வெட்டிக் கறியாக்க அவளுடைய கொட்டகை வாசலில் வரிசை கட்டிய நாளில், கடைசி ஆளாக வந்தவன் அவன். யாருக்கும் தெரிந்த முகமில்லை. கறிப் பொட்டலத்தை வாங்கும்போது அவன் விரல்கள் அவள் மணிக்கட்டில் பட்டன. அடுப்பிலிருந்து அப்போதுதான் எடுத்த ரொட்டியைத் தொட்டது போலிருந்தது. வீட்டுக்கு அருகே, அபிதிபிக் காட்டோரத்தில் ஆற்றுப் பனி உடைந்து கணவனை விழுங்கிய பிறகு, குளிர்காலங்களை அவள் இரண்டு கம்பளிக்குள் தனியாகச் சுருண்டு கழித்தவள். எத்தியேன் வந்த பிறகு கம்பளியே வேண்டியிருக்கவில்லை. ஊர் என்ன பேசினாலும் பேசட்டும் என்று அவனை வீட்டோடு வைத்துக்கொண்டாள்.

ஆனால் அவளுடைய நாய் வீட்டுக்குள் வர மறுத்து அண்ணன் வீட்டோடு போய்விட்டது. சில சாயங்காலங்களில் எத்தியேன் காட்டுக்குள் போனான். திரும்பி வரும்போது அவன் தலைமுடியில் நனைந்த ரோமத்தின் வாடையும், அதற்கு அடியில் அவளுடைய கசாப்புத் தொழிலில் தினமும் முகர்கிற இன்னொரு வாடையும் இருந்தன. அன்றைக்கெல்லாம் அவள் சுட்டு வைத்த கறி அடையை அவன் தொடவே மாட்டான். "பசியில்ல கண்ணு," என்பான்.

மத்தியானம் அண்ணன் அர்மான் பிக்கப் வண்டியில் வந்தான். பூட்ஸைக் கூடக் கழற்றாமல் அடுப்பருகே நின்றான்.

"எங்க உன் மாப்பிள்ளை? இன்னும் தூங்குறாரா துரை?"

"விறகு வெட்டப் போயிருக்காரு. காப்பி குடிக்கிறியா?"

"ஏழு வருஷமா ஈஸ்டருக்குக் கோயில்ல போய் நன்மை வாங்காத மூஞ்சி அது. ஓநாயா மாறுற லூ-கரூ மாதிரி திரியறான்னு நம்ம சாமியாரே சொல்றாரு." எப்போதும் சொல்கிற கேலிதான். இன்று அவன் சிரிக்கவில்லை. "ஒதெத், ஓமேர் செத்துட்டான்."

கண்ணி வைத்து முயல் பிடிக்கிற கிழவன் ஓமேர். ஆற்றுக்கு அந்தப்பக்கம் குடிசை.

"எப்படி?"

"எப்படின்னு சொல்றதுக்கு என்ன மிச்சம் இருக்கு? ஒரு பூட்ஸ் கெடச்சுது. உள்ள கால் இருந்துச்சு. கதவு வெளியிலேர்ந்து உடையல, தெரியுமா? தாழ்ப்பாளைத் தூக்கித் திறந்திருக்கு. ஓநாய்க்கு ஏது கை?" காப்பியை வாங்காமலே கதவுப் பக்கம் திரும்பினான். "இருட்டுறதுக்குள்ள வரேன். நீ என்கூட வந்து இருக்கப்போற."

"நான் வரல."

"நீ வரலைன்னா தூக்கிட்டுப் போவேன். சின்ன வயசுல தூக்கலையா?"

வண்டிச் சத்தம் ஓய்ந்த பிறகு வீடு ரொம்பப் பெரிதாகிவிட்டது. அடுப்பில் பைன் கட்டை வெடிக்கும் ஒலி, ஜன்னலுக்கு வெளியே பனிக்கூர்களின் முனையிலிருந்து நீர் சொட்டும் ஒலி, எங்கோ உத்தரம் முனகும் ஒலி என ஒவ்வொன்றையும் அவள் தனித்தனியாகக் கேட்டுக்கொண்டு அதே நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். கட்டில் காலியாக இருக்கும்போதும் கூரை ஏன் இன்னும் சொட்டுகிறது என்று தோன்றியது. எழுந்துபோய்ப் படுக்கையறைக் கதவைத் திறந்தாள்.

எத்தியேன் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தான். எப்போது வந்தான், எந்த வழியாக வந்தான் என்று தெரியவில்லை. சட்டை வியர்வையில் ஒட்டியிருந்தது.

"எல்லாத்தையும் கேட்டேன்," என்றான்.

"ஓமேரை..."

"எனக்கு ஞாபகமில்ல. மாறினப்புறம் எதுவும் ஞாபகம் இருக்காது. பசி மட்டும் இருக்கும்." அவன் தலை குனிந்தான். "இன்னிக்கு இருட்டினதும் மறுபடி மாறிடுவேன். ஓடிப் போயிடு ஒதெத். உன் அண்ணன் சொல்றதுதான் சரி."

அவள் ஓடியிருக்கலாம். பிறகு அதைத்தான் நினைத்தாள். அப்போதோ அவன் காலடியில் உட்கார்ந்து அந்தக் கொதிக்கும் கைகளைப் பிடித்துக்கொண்டாள்.

"இதுக்கு ஒரு வழி இருக்கும்ல?"

"அந்த உருவத்துல இருக்கும்போது என்மேல ஆசை வெச்சவ யாராவது ரத்தம் எடுக்கணும். ஒரு சொட்டு போதும். அதோட இந்தச் சாபம் விட்டுப் போயிடும்னு சொல்வாங்க." அவன் நிமிர்ந்து பார்த்தான். "இத்தனை வருஷத்துல அப்படி ஒருத்தி எனக்குக் கெடைக்கல."

"இப்பக் கெடச்சிருக்கா இல்ல?" என்றாள் ஒதெத்.

டிசம்பர் மாதச் சூரியன் நாலு மணிக்கே காட்டுக்குப் பின்னால் இறங்கிவிடும். வெளிச்சம் நீலமாகிக்கொண்டிருந்தபோது இருவரும் கொட்டகைக்குப் போனார்கள். மானைத் தொங்கவிடும் சங்கிலியால் அவன் இடுப்பைச் சுற்றி இறுக்கித் தூணோடு பூட்டினாள். எலும்பு பிரிக்கும் சின்னக் கத்தியை எடுத்துக்கொண்டாள். அவன் அவள் நெற்றியில் முத்தமிட்டான். உதடு சுட்டது.

"மாறின உடனே செஞ்சிடு. தாமதிக்காத. என் முகத்தைப் பாக்காத."

மரத்தூளும் பழைய கொழுப்பும் மணக்கும் அந்த அரையிருட்டில், ஒற்றைக் குண்டு பல்பின் கீழே, அவன் மூச்சு மெல்லக் கனத்தது. பிறகு அது மூச்சாக இல்லாமல் தொண்டைக்கடியில் கல் உருள்வது போல் ஆனது. முதுகெலும்பு ஒவ்வொரு கணுவாக நெட்டி முறிந்தது. வருடக்கணக்காகக் கணுக்களைப் பிரித்த கைகளுக்கு அந்த ஒலி நன்றாகத் தெரிந்திருந்தது, எந்த எலும்பு எங்கே கழல்கிறது என்றுகூட அவளால் சொல்ல முடிந்தது. தோல் கிழிந்தது. அடியில் ரோமம் ஈரமாக இருந்தது.

இப்போது.

கை வரவில்லை. கத்தி விரல்களில் ஒட்டிக்கொண்டது போலிருந்தது. அது தலை தூக்கி அவளைப் பார்த்தது. மஞ்சள் கண். அதற்குள் எத்தியேன் இல்லை.

மனித இடுப்புக்குக் கட்டிய சங்கிலி ஓநாயின் ஒட்டிய இடுப்பில் நிற்கவில்லை. வழுக்கியது. தரையில் விழுந்தது.

அந்த நேரத்தில்தான் கொட்டகைப் பலகைகளின் இடுக்கு வழியே வண்டி விளக்கு வரிவரியாக உள்ளே பாய்ந்தது.

"அண்ணா, உள்ள வராத."

அவள் கத்திய சத்தம் கேட்டுத்தான் அவன் கதவை உதைத்துத் திறந்தான். துப்பாக்கி கையிலிருந்தது. தோளுக்கு உயர்த்த நேரமில்லை. அது பாய்ந்ததை ஒதெத் பார்க்கவில்லை. அர்மான் மல்லாந்து விழுந்ததையும் அவன் முன்னங்கை எலும்பு விறகு போல் முறிந்ததையும்தான் பார்த்தாள். துப்பாக்கி மரத்தூளில் சறுக்கிப் போனது. "ஒதெத், குத்துடி. குத்து," என்றான். அதன் பிறகு அவனால் பேச முடியவில்லை. தொண்டை இல்லை.

அவள் ஓடினாள். அதன் முதுகில் விழுந்தாள். ரோமம் கைகளைச் சுட்டது. கத்தி உயர்ந்தது.

எங்கே?

கழுத்து தெரிந்தது. துடிக்கும் நரம்பு தெரிந்தது. அங்கே குத்தினால் செத்துவிடுவான். விலாவில் வலிக்கும். தோளில் கை போய்விடும். அவனுக்கு அதிகம் வலிக்காத ஓர் இடத்தை அவள் தேடினாள். அண்ணனின் குதிகால்கள் தரையை உதைத்துக்கொண்டிருந்தன. அவள் தேடினாள். உதைப்பது நின்றது.

காது. காது நுனி.

கீறினாள். ஒரு சொட்டு திரண்டது. விழுந்தது.

அவளுக்குக் கீழே முதுகு குளிர்ந்தது. ரோமம் உதிர்ந்து மரத்தூளோடு கலந்தது. தோள்கள் அகன்றன. அவள் தினமும் கன்னம் வைத்துத் தூங்கிய முதுகு அது, அதே மச்சம். விட்டுப் போய்விட்டது. அவள் அதன் மேலேயே முகம் புதைத்து அழுதாள்.

"எத்தியேன். முடிஞ்சிடுச்சு. எத்தியேன்."

அவன் முதுகு அசைந்துகொண்டிருந்தது. முன்னும் பின்னுமாக, அவசரமில்லாமல்.

அவள் பின்வாங்கி எழுந்தாள். பல்பின் வெளிச்சத்தில் அவன் அம்மணமாக மண்டியிட்டிருந்தான். முழு மனிதன். காதோரம் மெல்லிய சிவப்புக் கோடு. குனிந்திருந்தான். அர்மானின் தோள்பட்டையைப் பல்லால் கவ்வி இழுத்தான், வரவில்லை. மறுபடி இழுத்தான். பிறகு நிமிர்ந்து அவளைப் பார்த்தான். அவளுடைய எத்தியேனின் கண்கள், சாம்பல் நிறம், அதில் அதே கனிவு.

"இந்தப் பல்லு பத்தல கண்ணு," என்றான், மென்றுகொண்டே, வலது கையை அவள் பக்கம் நீட்டி. "அந்தக் கத்தியைக் குடு."