வராத பதினான்கு காலைகள்

"நாளைக்கு விசாரணைங்க. வேலையே போயிடும்போல இருக்கு," என்று சொல்லி, தினசரி அளவை எழுதும் கனமான நோட்டு ஒன்றை மேசைமேல் வைத்தார் மழை அளப்பவர்.

தினமும் காலை எட்டரைக்கு வானிலை நிலையத்தில் மழையை அளந்து, அங்கேயே இருக்கும் கணினியில் இணையப் படிவத்தில் எண்ணைப் பதிந்து அனுப்புவது அவர் வேலை. போன மாதம் பதினான்கு நாள் பதிவு போய்ச் சேரவில்லை. வேலைக்கே போகவில்லை என்று மேலதிகாரி முடிவு கட்டிவிட்டார்.

"படிவத்துக்கு அடியில உங்க கம்பெனி பேரு இருந்துச்சு. அதான் நேரா வந்துட்டேன்."

கணினி நிரல்களில் பிழை பிடிப்பவளை அந்த மென்பொருள் அலுவலகமே 'பூதக்கண்ணாடி' என்றுதான் கூப்பிடும். அவள் நிதானமாக நோட்டைப் புரட்டினாள்; போய்ச் சேராத நாள்களை அவர் சிவப்பு மையில் வட்டமிட்டிருந்தார். பக்கத்து நாற்காலியில் நிரல் எழுதும் 'அவசரம்'.

"நெட் கட்டாயிருக்கும் அக்கா. நம்ம லைப்ரரியை, இந்த ரெடிமேட் நிரலை, எத்தனையோ கம்பெனி எடுத்து உபயோகிக்குது, யாரும் குறை சொன்னதில்லையே!" என்றாள் அவசரம்.

"இரு. பதிவு வந்தது அநேகமா எல்லாம் மழை நாள். வராத பதினாலும் காய்ஞ்ச நாள்."

"மழை இல்லைன்னு வீட்டுலயே இருந்திருப்பாரோ?"

"டிமிக்கி குடுக்கறவர் கொட்டற மழையில நனைஞ்சுக்கிட்டுப் போய், வெயில் நாள்ல வீட்ல படுப்பாரா?"

பூதக்கண்ணாடி நோட்டில் இரண்டு வரிகளைக் காட்டி மழை அளப்பவர் பக்கம் திரும்பினாள்.

"இந்த ரெண்டு நாளும் மழையில்லை. ஆனா பதிவு வந்திருக்கு. கையெழுத்து வேறயா இருக்கே?"

"காய்ச்சல்ல படுத்திருந்தேங்க. எம் மச்சான் போனாரு."

"அவர் 0.0ன்னு எழுதியிருக்கார். நீங்க எப்பவும் வெறும் 0. அப்படியேதான் படிவத்துலயும் போடுவீங்களா?"

"ஆமாங்க."

அவசரம் தன் கணினிப் பக்கம் திரும்பினாள். படிவத்துக்குள் வரும் எண்ணைச் சரிபார்க்கும் விதியை எழுதியவளே அவள்தான். திறந்து பார்த்தாள். முதல் வரியிலேயே, 'காலியாக இருந்தால் தள்ளு'.

"அக்கா... வெறும் பூஜ்யத்தையும் இது காலின்னு எடுத்துக்குது. புள்ளி வெச்சு எழுதினா உள்ள விட்டுடுது. தப்பு என்னோடதுதான்."

"சாட்சி வேணுமே," என்ற பூதக்கண்ணாடி வானிலை அலுவலகத்துக்குப் போன் போட்டு, தள்ளப்பட்ட பதிவுகளின் பட்டியலைக் கேட்டு வாங்கினாள். பதினான்கு வரி. அனுப்பிய நேரம் காலை எட்டு இருபத்தெட்டு, எட்டு முப்பத்தொன்று, எட்டு முப்பது. ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு 0.

"மழை இல்லைங்கறதும் ஒரு அளவுதான். அதைப் போய் அளந்துட்டு வந்திருக்கார்."

மழை அளப்பவர் விரல் வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தார். பிறகுதான் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார்.

அவசரம் விதியைப் புதிதாக எழுதினாள். ஏதாவது எழுதியிருக்கிறதா, அது எண்தானா, பூஜ்யமோ அதற்கு மேலோ என்று மூன்று கேள்விகள், அந்த வரிசையிலேயே. முதலில் 0 போட்டுச் சோதித்தாள். ஏற்றுக்கொண்டது.

"மன்னிச்சிடுங்க அண்ணே."

"அட, விடும்மா," என்றவர் அதற்குள் வீட்டுக்குப் போன் போட்டிருந்தார். "அழாத... நான் தினமும் போனேன்னு இங்க எழுதியே இருக்கு. மணி நிமிஷத்தோட!"