பெருங்காய மோர்

காலையில் இட்லிப் பானையை இறக்கும்போது கட்டையன், "முழங்கை வலிக்குது" என்றது. அவ்வளவுதான். காபி ஆறுவதற்குள் இரண்டு பொறியாளர்கள் பெட்டியும் கையுமாக வாசலில் வந்து நின்றார்கள். ஒருவர் அதன் கையைத் தாங்கிப் பிடித்துக்கொள்ள, மற்றவர், "எந்த இடத்துலப்பா? அமுக்கினா வலிக்குதா, நீட்டினா வலிக்குதா?" என்று குழந்தையிடம் கேட்பதுபோலக் கேட்டார்.

செவ்வாயில் இருக்கும் புதுவைகைக் குடியிருப்பில் இது தினப்படி நடக்கிற சங்கதி. ரோபோவின் பாகம் ஒன்று உடைந்தால், மாற்றுப் பாகம் பூமியிலிருந்து வந்துசேர ஒரு வருடத்துக்கு மேல் ஆகும். உடையும் முன்பே தெரியட்டும் என்று ஒவ்வொன்றின் உடம்பிலும் நோவுணரிகளைப் பதித்திருந்தார்கள். மூட்டு தேய்ந்தால் ரோபோவுக்கு வலிக்கும், வலித்தால் சொல்லும், சொன்னால் நம்புவார்கள். இயந்திரத்துக்குப் பொய் சொல்லத் தெரியாது என்பது அங்கே சின்னப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரிந்த விஷயம்.

சமையல் மேடையைப் பிடித்தபடி பூங்கோதை இதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கட்டையன் அவள் வீட்டு ரோபோ. அவளுக்கும் அப்போது வலித்துக்கொண்டுதான் இருந்தது. அவளை யாரும் கேட்கவில்லை.

கேட்காததற்குக் காரணம் உண்டு. மருத்துவ நிலையத்தில் யார் போய் எந்த வலியைச் சொன்னாலும் முதல் கேள்வி, "புதுசா, பழசா?" என்பதுதான். புதுசு என்றால் உட்காரவைத்துப் பார்ப்பார்கள். பூங்கோதைக்குத் தசைநோவு இருந்தது, பல வருடமாக. தூக்கம் கெட்டாலோ புழுதிப்புயல் அடித்தாலோ தோளில் பிடித்து உடம்பெல்லாம் பரவி, சில நாள் பாடாய்ப் படுத்திவிட்டுத் தணியும். அது பழசு என்று பதிவாகிவிட்டது. பிறகு அவளுக்கு எங்கே எது வலித்தாலும் பழசு என்றே ஆனது.

நடுவில் ஒரு பரிசோதனையில், கோதுமையில் இருக்கும் க்ளூட்டன் என்ற பசைச்சத்து அவள் குடலுக்கு ஆகாது என்றும் தெரிந்தது. சப்பாத்தி, பரோட்டா, ரவை, சேமியா எல்லாவற்றையும் விட்டாள். கொஞ்ச நாள் நன்றாக இருந்தது. பிறகு வயிற்று உப்பலும் மூட்டுவலியும் மறுபடி ஆரம்பித்துவிட்டன.

"கோதுமையை வீட்டுக்குள்ளேயே விடறதில்லையே கோதை. நாம சோறு திங்கிற ஆளுங்க. சாம்பார் சாதத்துல கோதுமை எங்கேருந்து வரும்? இது உன் பழைய வலிதான்" என்றான் அவள் கணவன் செழியன். கெட்டவன் இல்லை. அவளுக்கு வயிறு உப்பிக்கொண்டால் தன் கையாலேயே மோரைக் கடைந்து, பெருங்காயத்தைத் தாராளமாகக் கரைத்துக் கொண்டுவந்து, அவள் குடித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே நிற்பான்.

டாக்டர் இளம்பரிதியும் அதையேதான் சொன்னார். "கோதுமை இல்லைன்னா பழசு. பழசு இவ்வளவு முத்திப்போச்சுன்னா நரம்பவிப்புதாம்மா வழி."

நரம்பவிப்பு என்பது கழுத்துக்குக் கீழே இருக்கும் உணர்வு நரம்புகளை விளக்கை அணைப்பதுபோல அணைத்துவிடுவது. வலி போய்விடும். கூடவே சூடும் குளிர்ச்சியும் தொடுகையும் போய்விடும். பூங்கோதையின் மகள் துளிருக்கு இரண்டு வயது. ஓடிவந்து காலைக் கட்டிக்கொள்ளும் பிள்ளையை, இனிமேல் கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். மருத்துவக் குழு வெள்ளிக்கிழமை கூடி முடிவு செய்யும் என்றார்கள். கோதுமைதான் காரணம் என்று நிரூபித்துவிட்டால் கைகளின் உணர்வு தப்பும். ஆனால் இரண்டு வலியும் ஒரே மூட்டில் வந்து உட்கார்ந்தபிறகு, எது எந்த வழியாக வந்தது என்று அவளுக்கே பிடிபடவில்லை.

அப்போதுதான் அவளுக்கு நோவிணைப்பு ஞாபகம் வந்தது. ஒரு ரோபோவின் வலியை இன்னொன்று உணர்ந்து சொல்வதற்கான ஜோடி வில்லைகள் அவை. ஒன்றைத் தன் பிடரியில் ஒட்டிக்கொண்டாள். இன்னொன்றைக் கட்டையன் பிடரியில் ஒட்டினாள்.

கட்டையன் கையிலிருந்த கரண்டி கீழே விழுந்தது. அது மெதுவாகத் தரையில் உட்கார்ந்தது.

"இதை வெச்சுக்கிட்டு எப்படிம்மா இத்தனை நாளா தோசை சுட்டீங்க?"

இத்தனை வருடத்தில் இப்படி ஒரு கேள்வியை யாரும் பூங்கோதையிடம் கேட்டதில்லை. முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு வாய்விட்டு அழுதாள்.

சில நாள் கழித்துக் கட்டையன் சொன்னது. "ரெண்டும் வேற வேறம்மா. பழசு தோள்ல ஆரம்பிச்சு இறங்குது. வயித்துக்கும் அதுக்கும் சம்பந்தமில்லை. இன்னொண்ணு சாப்பிட்ட பிறகு வயித்துலதான் ஆரம்பிக்குது. வயிறு உப்பி, தலை மந்தமாகி, அப்புறம்தான் மூட்டுக்கு வருது. ஐயா மோர் குடுத்தா இன்னும் ஜாஸ்தியாகுது."

"மோரா? அதுல என்ன இருக்கு, பெருங்காயம்தானே?"

கட்டையன் பெருங்காயக் கட்டியை எடுத்துத் தன் சுவையுணரியில் ஒரு முறை வைத்துப் பார்த்தது. "பாதிக்கு மேல கோதுமை மாவும்மா. காயம் கொஞ்சம்தான்."

"அடப்பாவி, இதை ஏன் இத்தனை நாளா சொல்லல?"

"உப்பு சரியா இருக்கான்னுதானேம்மா கேப்பீங்க."

சாம்பாரில் பெருங்காயம், ரசத்தில் பெருங்காயம், ஊறுகாயில் பெருங்காயம். அதனால் வயிறு உப்பினால் அதற்கு மருந்தும் பெருங்காயம். பூங்கோதைக்குச் சிரிப்பதா, டப்பாவைச் சுவரில் எறிவதா என்று தெரியவில்லை.

செழியனால் நம்பவே முடியவில்லை. "வயித்துக்கு மருந்தே அதுதானே!" என்றான். பிறகு கொஞ்சம் யோசித்து, "நீ சொன்னா எடுபடாது கோதை. கட்டையனே சொல்லட்டும். மெஷின் சொன்னா மறுபேச்சு கிடையாது" என்றான்.

கட்டையன் உடம்பெல்லாம் வலிக்கிறது என்று புகார் அனுப்பியது. வழக்கம்போலப் பொறியாளர்கள் ஓடிவந்தார்கள். மூட்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்துவிட்டு மாட்டினார்கள். எல்லாம் புதுக் கருக்கு அழியாமல் இருந்தன.

"எத்தனை நாளா வலி?"

"அம்மாவுக்குப் பல வருஷமா. இது அம்மாவோட வலிங்க."

பொறியாளர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மூத்தவர் பெட்டியை மூடினார். "ஒரு பழுதும் இல்லை. இவங்ககூடவே இருந்து இருந்து இதுவும் இவங்களை மாதிரியே ஆயிடுச்சு. நாலு எட்டு நடக்க விடுங்க, சரியாயிடும்." வாசல்வரை போனவர் திரும்பிக் கட்டையனிடம் சொன்னார்: "நல்லா இருக்கற இடத்துல மறுபடியும் வலிக்குதுன்னு சொன்னேன்னா உணரியை அவிச்சுடுவோம். அப்புறம் பாப்பாவைத் தூக்க உனக்கு அனுமதி கிடையாது, தெரியுமில்ல?"

ஒரு ரோபோவின் பேச்சை அந்தக் குடியிருப்பில் யாரும் நம்பாமல் போனது அதுதான் முதல் தடவை.

வெள்ளிக்கிழமை வெளியே புழுதிப்புயல். குவிமாடமே செக்கச்செவேல் என்று இருந்தது. பூங்கோதைக்குத் தோளில் பிடித்த பழைய வலி விரல் நுனிவரை இறங்கியிருந்தது. பக்கத்தில் கட்டையன், இடுப்பில் துளிரோடு நின்றது. அதற்கு எவ்வளவு வலிக்கிறது என்று அந்த அறையில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

"கட்டையா, இவங்க உணர்றது அப்படியே உனக்கும் தெரியுது, இல்லையா?" என்று டாக்டர் இளம்பரிதி கேட்டார்.

"ஆமாங்க."

"அப்போ நீ சொல்றதுதான் முடிவு. இப்ப உனக்கு வலிக்குதா?"

மூத்த பொறியாளர் மூலையில் கைகட்டி உட்கார்ந்திருந்தார். துளிர் கட்டையனின் உலோகக் கட்டைவிரலைப் பிடித்து ஆட்டி விளையாடிக்கொண்டிருந்தாள். கட்டையன் அந்த விரலையே குனிந்து பார்த்தது.

"இல்லீங்க. நல்லாத்தான் இருக்கேன்."

டாக்டர் முகமெல்லாம் சிரிப்பு. இயந்திரமே வலி இல்லை என்று சொல்லிவிட்டபிறகு நரம்பவிப்பு எதற்கு? ரத்து. வலி மருந்தும் ரத்து, புயல் நாட்களில் அவளுக்கு இருந்த ஓய்வும் ரத்து. கோதுமையைப் பற்றி யாரும் கேட்கவே இல்லை. இல்லாத வலிக்குக் காரணம் எதற்கு?

"பாத்தீங்களா, நான் நினைச்சதுதான். எல்லாம் மனசும்மா" என்றார் அவர். "சரி, நீங்க சொல்லுங்க. எப்படி இருக்கீங்க?"

உண்மையைச் சொன்னால் கைகளின் உணர்வு போய்விடும். சொல்லாவிட்டால் வலி அவளோடு கிடக்கும். அத்தனை பேரையும் பிடித்து உலுக்க வேண்டும்போல இருந்தது.

"நல்லா இருக்கேன் டாக்டர்" என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் கட்டையன் சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றது. "அம்மா, இந்த வில்லையைக் கழட்டிடுங்கம்மா. என்னால முடியல."

கழற்றினாள். கட்டையன் நிமிர்ந்தது, கைகளை ஒருமுறை நீட்டி மடக்கிப் பார்த்தது, துவரம்பருப்பைக் கழுவப் போனது. பூங்கோதை அதே இடத்தில் மேடையைப் பிடித்துக்கொண்டாள். அதற்குக் கழற்ற ஒரு வில்லை இருந்தது. அவள் பெருங்காய டப்பாவை எடுத்துக் குப்பையில் கவிழ்த்தாள். இரண்டில் ஒன்றாவது தொலையட்டும்.

சாப்பாட்டு நேரத்தில் செழியன் முதல் வாயிலேயே நிறுத்தினான். "என்ன கோதை, சாம்பார்ல வாசனையே இல்லை? அதான் ஒண்ணும் இல்லைன்னு டாக்டரே சொல்லிட்டாரே, இனிமே பெருங்காயம் போட என்ன?"

அவள் வாயைத் திறக்கும் முன்பே கட்டையன் சொன்னது: "போட்டிருக்குங்க ஐயா. நிறையவே போட்டிருக்கு. உங்களுக்குத்தான் தெரியல."

செழியன் குனிந்து மோந்து பார்த்தான். இன்னொரு தடவை நன்றாக இழுத்து மோந்தான். அவன் முகம் மெல்ல மலர்ந்தது.

"அட, ஆமா! இப்ப வருது வாசனை" என்று சொல்லிவிட்டு, இன்னும் ஒரு கரண்டி ஊற்றச் சொன்னான்.