இன்ஜினுக்குக் கீழே மச்சான்

ஞாயிற்றுக்கிழமை காலை பத்தே முக்கால். ஸ்டேஷன் போன் அலறியது.

இன்ஸ்பெக்டர் பாதி டீயைக் கீழே வைத்துவிட்டு எடுத்தார்.

"சார்... விழுந்துருச்சு சார்..."

"எது?"

"இன்ஜின்."

"மெக்கானிக்குக்குப் போன் போடுங்க. இது போலீஸ் ஸ்டேஷன்."

"ஆள் மேல விழுந்துருச்சு சார். என் மச்சான் மேல..."

கவனித்தீர்களா? முதலில் இன்ஜின். அப்புறம்தான் மச்சான்!

போன் செய்தவர் ஒரு பல் டாக்டர். வாரத்தில் ஆறு நாள் ஊரார் வாய்க்குள் கையை விடுவார். மிச்ச நேரமெல்லாம் வீட்டு ஷெட்டில், ஒரு பழைய காரின் இன்ஜினுக்குள். மூன்று வருஷமாக அதைப் பிரித்து, பிஸ்டன் மாற்றி, டர்போ மாட்டி, வேகத்தை இரண்டு மடங்காக்கப் பாடுபட்டுக்கொண்டிருந்தார். பல்லைப் பார்க்கும் குட்டிக் கண்ணாடியால்தான் சிலிண்டருக்குள்ளும் பார்ப்பார். அதே கண்ணாடியா என்று மட்டும் கேட்காதீர்கள்.

ஷெட்.

உத்தரத்திலிருந்து வெறும் செயின் தொங்கியது. நேர் கீழே இன்ஜின். அதற்கும் கீழே... டாக்டர் மனைவியின் அண்ணன். போய்ச் சேர்ந்து அரை மணி நேரம் ஆகியிருந்தது.

டாக்டர் தரையில் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதுகொண்டிருந்தார். இன்ஜின் பக்கமாக.

"எப்படி நடந்துச்சு?"

"இன்னிக்கு இன்ஜினைக் கார்ல இறக்குற நாள் சார். 'அடியில பார்த்துக்கிட்டே செயினை மெதுவா இறக்குங்க மச்சான்'னு சொல்லிட்டுக் கை கழுவப் போனேன். டமால்னு சத்தம்... ஓடி வந்து பார்த்தா இன்ஜின் ப்ளாக்ல விரிசல் சார்."

"மச்சானுக்கு?"

"அவருக்கும்தான்."

கூட வந்த கான்ஸ்டபிள் கொக்கியின் போல்ட்டைத் தூக்கிப் பார்த்தார்.

"சார், இது உடையல. மரைகூடத் தேயல. யாரோ நட்டைக் கழட்டி, ஒரே ஒரு சுத்து மட்டும் விட்டு வச்சிருக்காங்க. செயினை இழுத்ததும் கையோட வந்துருச்சு."

விபத்து இல்லை. கொலை!

"வீட்ல வேற யாரு டாக்டர்?"

"நானும் என் சம்சாரமும்தான்."

"மச்சானுக்கும் உங்களுக்கும் எப்படி?"

"ஒரு வாரம் இருக்கேன்னு வந்தார். எட்டு மாசம் ஆச்சு. ஷெட்டைக் காலி பண்ணுங்க, எனக்கு ரூமா வேணும்னு போன வாரம் சொன்னார். அதுக்காக... என் இன்ஜினையா சார் தூக்கிப் போடுவேன்? பெத்த பிள்ளையை எவனாவது கீழ போடுவானா?"

இன்ஸ்பெக்டர் தலையாட்டினார். விரிசலைத் தடவிக்கொண்டிருந்த அந்த விரல்கள் பொய் சொல்லவில்லை.

டாக்டர் குரலைத் தாழ்த்தினார்.

"சொல்லக்கூடாது சார். என் சம்சாரத்துக்கு இந்த இன்ஜினைக் கண்டாலே ஆகாது. ஒருநாள் இதைப் போட்டு உடைக்கிறேன் பாருங்கன்னு சொல்லிக்கிட்டே இருப்பா. பாவம், அண்ணன் அடியில நிப்பார்னு அவளுக்கு எப்படித் தெரியும்..."

அடப்பாவி, கட்டினவளையே காட்டிக் கொடுக்கிறானே என்று உங்களுக்குத் தோன்றலாம். இன்ஸ்பெக்டருக்கோ அது நியாயமாகப் பட்டது.

ஹாலில் மனைவி. அழுது அழுது முகம் வீங்கியிருந்தது.

"இன்ஜினை உடைக்கிறேன்னு சொன்னீங்களாம்மா?"

"தினமும் சொல்வேன் சார். கல்யாண நாளுக்கு எனக்கு ஸ்பேனர் செட் வாங்கிக் கொடுத்த மனுஷன் அவர். வேற என்ன சொல்வேன்? அதுக்காக என் அண்ணனை..." கணவன் பக்கம் திரும்பினாள். "என்னங்க, நீங்களாவது சொல்லுங்களேன்."

டாக்டர் சுவரைப் பார்த்தார்.

அண்ணனும் போய், பழியும் தன் தலையில்... இந்த வாசலைத் தாண்டினால் திரும்பி வருவோமா என்று அவள் பயந்தாள்.

"ஸ்டேஷனுக்குக் கிளம்புங்கம்மா."

"சால்வையை எடுத்துக்கறேன் சார். உடம்பு நடுங்குது."

"நான் எடுத்துட்டு வரேன்!" டாக்டர் பாய்ந்தார்.

"நீங்க உட்காருங்க டாக்டர்."

அவள் பீரோவைத் திறந்தாள். அடித்தட்டில் சுருண்டு கிடந்த சால்வையை இழுத்தாள்.

வரவில்லை. கனத்தது!

இரண்டு கையாலும் தூக்கிக் கட்டிலில் வைத்துப் பிரித்தாள்...

நத்தைக்கூடு போலச் சுருண்ட ஒரு பளபளப்பான இரும்பு. டர்போ! புகையின் வேகத்தில் சுழன்று இன்ஜினுக்குள் காற்றைத் திணிக்கிற சாமான். அந்த இன்ஜினுக்கு உயிரே அதுதான்.

"இது எப்படி இங்க வந்துச்சு? நேத்து சாயங்காலம் இன்ஜின்லதானே இருந்துச்சு?" அவள் தன் போனைத் தேடி எடுத்து நீட்டினாள். "பாருங்க சார். அவர்தான் போட்டோ எடுக்கச் சொன்னார்."

போட்டோவில் டாக்டர் சிரித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் இன்ஜின். இன்ஜினில் டர்போ.

இன்ஸ்பெக்டர் எல்லோரையும் ஷெட்டுக்குக் கூட்டிப் போனார். விழுந்து கிடந்த இன்ஜினில் டர்போ இருந்த இடம் காலி. அந்த ஓட்டையின் மேல் டேப் ஒட்டியிருந்தது, ஒரு சுருக்கம் இல்லாமல்.

"டாக்டர், உங்க சம்சாரத்துக்கு இன்ஜினைக் கண்டா ஆகாது. சரி. அப்படிப்பட்டவங்க டர்போவை மட்டும் பத்திரமா கழட்டி, ஓட்டைக்குள்ள தூசி போகாம டேப் ஒட்டி, தன் சால்வையிலயே சுத்தி வச்சுட்டு, அப்புறமா மிச்சத்தைப் போட்டு உடைப்பாங்களா?"

இன்ஸ்பெக்டர் அந்த டேப்பைத் தட்டிக் காட்டினார்.

"இன்ஜின் விழப்போகுதுன்னு முன்னாடியே தெரிஞ்ச ஆள்தான் இதைக் கழட்டியிருக்கணும். மச்சானைக் கொல்ல மனசு வந்துச்சு. டர்போ அடிபட மனசு வரல. அப்படித்தானே?"

"ப்ளாக் வேற வாங்கிக்கலாம் சார்," டாக்டர் முனகினார். "அந்த டர்போவுக்குப் பதினோரு மாசம் காத்திருந்தேன்..."

கையில் விலங்கு ஏறியது.

"என்னை மாட்டி விட்டுட்டு வேடிக்கை பார்த்தீங்களே," என்றாள் மனைவி. "நான் அந்த இரும்பைவிடக் கேவலமாப் போயிட்டேனா?"

டாக்டர் குனிந்து, டேப்பின் ஓரத்தை அழுத்தி விட்டார்.

"சார்..." இறந்தவரின் சட்டைப் பையிலிருந்து கான்ஸ்டபிள் ஒரு சீட்டை உருவினார். "பஸ் டிக்கெட். இன்னிக்கு மத்தியானம் பன்னெண்டு மணி பஸ்ஸுக்கு."

மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அண்ணனுக்கு வெளியூர்ல வேலை கிடைச்சிருச்சு சார். இன்னியோட கிளம்பறதா இருந்தார். 'இன்ஜினை இறக்கி முடிச்சதும் சொல்லி மாப்பிள்ளையைச் சந்தோஷப்படுத்தணும், நீ வாயைத் திறக்காதே'ன்னு என்கிட்ட சத்தியம் வாங்கிட்டார்."

டாக்டர் விலங்கு மாட்டிய கையாலேயே தலையில் அடித்துக்கொண்டார்.

"நேத்தே சொல்லித் தொலைச்சிருந்தா... நான் டர்போவைக் கழட்டவே வேண்டியிருந்திருக்காதேடி!"