பாதிக் கட்டில்

“மாத்திரையைக் குறைக்கணும்மா.”

அந்த வீட்டில் சொல்லவே கூடாதென்று அம்மா அடித்துச் சொல்லியிருந்ததைச் சத்யப்ரியா சொல்லிவிட்டாள். கட்டிலில் அரைத்தூக்கத்திலிருந்த அப்பாவின் இடது கை மட்டும் தனியாகத் துள்ளி அடங்கியது.

அம்மா அலமு திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “நீ படிச்சவ. கேன்சர் வலியில இவர் கத்துனப்ப காதைப் பொத்திக்கிட்டு பால்கனியில நின்ன. பக்கத்துல இருந்தது நாந்தாண்டி.”

உண்மைதான். அதனால்தான் சுட்டது. அந்தக் கத்தலை நிறுத்தியது மார்ஃபின் மாத்திரை. அன்றிலிருந்து அம்மாவுக்கு அதுவே தெய்வம். கை துள்ளினால் வலி என்று ஒரு மாத்திரை, போர்வை பட்டு அலறினால் இன்னொன்று. சிறுநீர் சரியாகப் போகாததால் மருந்து உடம்பிலேயே தேங்குகிறது, இந்தத் துள்ளலும் பிதற்றலும் அந்த மருந்தின் வேலை, அளவைக் குறைத்து வேறு மருந்துக்கு மாற்ற வேண்டும், உடனே கூட்டிவா என்று கரியாஹாட் ஆஸ்பத்திரி டாக்டர் போனில் சொன்னதைச் சத்யப்ரியா எத்தனை முறை சொல்லியிருப்பாள். குடும்பத்தின் முதல் பட்டதாரி. ஃபாரம் நிரப்ப மட்டும் அந்தப் படிப்பு வேண்டும் இவர்களுக்கு.

கீழே லேக் மார்க்கெட்டில் வங்காளிகளின் பூஜைப் பந்தலில் டாக் என்கிற பெரிய மேளம் தொடங்கியது. அந்தச் சத்தம் சன்னல் கம்பிகளில் அதிர்ந்து, பினாயிலும் பக்கத்துக் கடைச் சாம்பாரும் கலந்து கனத்துக் கிடந்த அறைக்குள் புகுந்து, அப்பாவின் தோளில், தொடையில், தாடையில் ஏறியது. அடிக்கு ஒரு துள்ளல்.

அம்மாவின் முகம் மாறிவிட்டது. ஊரில் உடுக்கைக்குச் சாமி வரும். இங்கே டாக்குக்கு வந்திருக்கிறது. கற்பூரத்தை ஏற்றிக் கைகூப்பினாள்.

“அது சாமி இல்லம்மா.”

“வாயை மூடு.” கட்டிலைப் பார்த்துக் கேட்டாள்: “யாரு வந்திருக்கீங்க?”

அப்பா கண்ணைத் திறந்தார். மெதுவாக நகர்ந்து, சுவரோரம் பாதிக் கட்டிலைக் காலியாக விட்டார். அவர் வாயிலிருந்து, அவருடையதல்லாத நிதானத்தில் வந்தது பதில்.

“பக்கத்துலதான் படுத்திருக்கேன். எனக்கும் ஒண்ணு குடு.”

டாக் நின்றது.

துள்ளல் நிற்கவில்லை.

அம்மா மாத்திரை அட்டையைப் பிதுக்கினாள். ஒன்று. இன்னொன்று.

சத்யப்ரியா இரண்டையும் பிடுங்கினாள். அட்டையையும். இனி யாரிடமும் கேட்கப்போவதில்லை. அப்பாவைத் தூக்க ஆள் வரும், ஆம்புலன்ஸ் வரும், அம்மா கத்தினால் கத்தட்டும். செருப்பை மாட்டினாள். வாசலில் ஒருமுறை திரும்பினாள்.

அப்பா அசைவில்லாமல் தூங்கிக்கொண்டிருந்தார். மூச்சு சீராக வந்தது.

சுவரோரம், காலியாகக் கிடந்த பாதியில் போர்வை துள்ளியது.

அவள் படியிறங்கினாள்.