பதினான்காம் போர்ட்

செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்கு லிஃப்ட் ஆய்வாளரின் வீட்டுக்கு அவருடைய அக்கா மகள் வந்தாள். கையில் ஒரு குற்றப்பத்திரிகை இருந்தது. அவள் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரி அதற்கு ‘விளக்கம் கோரும் குறிப்பு’ என்று பெயர் வைத்திருந்தது. ஊசி போடும்போதும் ‘வலிக்காது’ என்றுதானே சொல்கிறார்கள்.

அவள் அங்கே நெட்வொர்க் டெக்னீஷியன். ஒவ்வொரு மாடியிலும் உள்ள கணினிகளின் வயர்களெல்லாம் ஒரு தட்டையான இரும்புப் பெட்டியில் வந்து சேரும். அதற்கு ஸ்விட்ச் என்று பெயர்; அதில் வயர் செருகும் ஒவ்வொரு துளைக்கும் போர்ட் என்று பெயர். எந்த வயரில் வருவது எந்தப் பாதையில் போக வேண்டும் என்று அந்தப் பெட்டிதான் தீர்மானிக்கும். சனிக்கிழமை பிற்பகல் அவள் மூன்றாம் மாடிப் பெட்டியின் உள்மென்பொருளைப் புதுப்பித்தாள். திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு அந்த மாடியின் ரத்தப் பரிசோதனைக் கூடத்திலிருந்து ஒரு ரிப்போர்ட்கூட வெளியே போகவில்லை. நான்கு மணி நேரம் நர்ஸுகள் ரிப்போர்ட்டுகளைக் கையில் எடுத்துக்கொண்டு மாடிப்படி ஏறி இறங்கினார்கள்.

“இன்னைக்குச் சாயங்காலம் நாலு மணிக்கு விசாரணை, மாமா. வேலை போனாக்கூடப் பரவாயில்லை. ‘கவனக்குறைவு’ன்னு எழுதி எல்லா டிபார்ட்மென்ட்டுக்கும் மெயில் அனுப்பிட்டாங்க. இனிமே வேற எந்த ஆஸ்பத்திரியில என்னை சேர்ப்பாங்க?”

அப்போது உள்ளேயிருந்து மச்சான் வந்தார். ஆய்வாளருடைய மனைவியின் தம்பி. அந்த வீட்டின் நிரந்தர விருந்தாளி. எந்த வேலையிலும் ஆறு மாதம் தாக்குப்பிடித்ததில்லை. துப்பறிவதில் மட்டும் பதினைந்து வருட அனுபவம் இருப்பதாகச் சொல்லிக்கொள்வார். குறிப்பேட்டைத் திறந்து ‘சதி’ என்று எழுதி, அதன் கீழே இரண்டு கோடு போட்டார்.

ஆய்வாளருக்கு நெட்வொர்க் பற்றி ஒன்றும் தெரியாது. அதை அவர் மறைக்கவும் இல்லை. ஆனால் பாதியில் நின்றுபோன இயந்திரங்களோடு இருபத்தாறு வருடம் பழகியவர். லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்ட ஏழு பேரும் ‘நாங்க எதையுமே தொடலை’ என்றுதான் சொல்வார்கள். அதனால் யார் தொட்டது என்று அவர் கேட்பதில்லை. கடைசியாக அதை எப்போது நிறுத்தி ஓட்டினார்கள் என்று கேட்பார். இவளிடமும் அதையே கேட்டார்.

அவள் ஒரு படிவத்தை நீட்டினாள். புதுப்பிக்கும்போது நிரப்ப வேண்டியது, இருபத்திரண்டு படிகள். வகுத்தவர் அவளுடைய மேலதிகாரி. அவருடைய முழுப் பதவி ‘தலைமை டிஜிட்டல் உருமாற்ற அதிகாரி’. ஊழியர்கள் நேரம் மிச்சம் பிடிக்க ‘உருமாற்றம்’ என்று கூப்பிடுவார்கள். மூன்றாம் படியில் ‘கடைசியாக அணைத்துப் போட்டு எத்தனை நாள்’ என்ற கேள்விக்கு நானூற்றுப் பதினொன்று என்று எழுதியிருந்தாள். நான்காம் படி, ஸ்விட்சில் சேமித்து வைத்திருக்கும் அமைப்பை, அதாவது எந்த வயருக்கு எந்தப் பாதை என்ற பட்டியலை, நகல் எடுப்பது. எடுத்து, அச்சடித்துப் பின்னாலேயே குத்தியிருந்தாள். அதன் தலைப்பில் கடைசியாகச் சேமித்த தேதி இருந்தது: மூன்று வருடத்துக்கு முந்தைய ஒரு புதன்கிழமை.

புதிய மென்பொருளை ஏற்றியதும் பெட்டியை ஒருமுறை அணைத்துப் போட வேண்டும் என்றாள். போட்டதும் எல்லா விளக்கும் பச்சையாகத்தான் எரிந்ததாம்.

“கூடத்துக்குள்ள போய்ப் பார்த்தியா?”

“பூட்டியிருந்துச்சு மாமா. படிவத்துல பச்சை விளக்கு வரைக்கும்தான் இருக்கு.” கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னாள். “சாவி வாங்கிப் பார்த்திருக்கணும். அது என் தப்புதான்.”

“இப்ப அந்தப் பெட்டி எப்படி இருக்கு?”

திங்கட்கிழமை மதியமே உருமாற்றம் தன் கையால் சரிசெய்துவிட்டார். அவள் கெடுத்ததைத் தான் சீராக்கியதாக அதற்கும் ஒரு மெயில் போயிருந்தது. காலை பத்து மணிக்கே அவளுடைய கடவுச்சொல்லை முடக்கிவிட்டார்கள். உள்ளே போய்ப் பார்க்க அவளுக்கு வழியில்லை.

அந்த ஆஸ்பத்திரியின் லிஃப்டுகள் ஆய்வாளரின் பொறுப்பில் இருந்தன. எப்போது போனாலும் ஏன் வந்தாய் என்று யாரும் கேட்கமாட்டார்கள். பதினோரு மணிக்கு மூவரும் மூன்றாம் மாடியில் நின்றார்கள். மச்சான் தன் பங்குக்கு ஞாயிற்றுக்கிழமை அங்கே ஏணியோடு திரிந்த எலக்ட்ரீஷியனை மடக்கி இருபது நிமிடம் குறுக்கு விசாரணை செய்தார். அவர் மூன்று ட்யூப்லைட் மாற்றியதும் வேலை நேரத்தில் விசிலடித்ததும் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபணமாயின.

ஆய்வாளர் பரிசோதனைக் கூடத்தின் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாற்காலிக் கால்கள் தேய்த்த தடங்கள் நான்கு வரிசையாக இருந்தன. சுவரில் டிவி மாட்டும் இரும்புச் சட்டம் வெறுமனே தொங்கியது. ரத்தத்தைச் சோதிக்கும் இடத்தில் யார் உட்கார்ந்து டிவி பார்த்தார்கள் என்று கூடத்தின் பொறுப்பாளர் அம்மாவிடம் கேட்டார். எட்டு மாதத்துக்கு முன்புவரை இது நோயாளிகளைப் பார்க்க வருபவர்கள் காத்திருக்கும் கூடமாம். பரிசோதனைக் கூடம் அப்போது இரண்டாம் மாடியில் இருந்தது. இரண்டையும் ஒரே நாளில் இடம் மாற்றினார்கள்.

“நேத்து காலையில கம்ப்யூட்டர் செத்துப் போச்சா?”

“சாகலை சார், ரொம்ப மரியாதையா பேசுச்சு. ‘தங்கள் வருகைக்கு நன்றி, கைபேசி எண்ணை இடவும்’னு கேட்டுச்சு. போட்டேன். அரை மணி நேரம் இலவச இன்டர்நெட் குடுத்துச்சு. ரிப்போர்ட் மட்டும் போகலை. பெரிய சார்கிட்ட, அதான் உருமாற்றம் சார்கிட்ட, சொன்னேன், வைரஸ்னு சொல்லிட்டுப் போய்ட்டார்.”

மச்சான் ‘வைரஸ்’ என்று எழுதினார். ஆய்வாளர் அந்த அம்மாவுக்கு நன்றி சொல்லிவிட்டுப் படியிறங்கினார். லிஃப்டுகளை நன்கு அறிந்தவர் என்பதால் அவர் அவற்றில் ஏறுவதில்லை.

கீழே வரவேற்பறையில் கதவளவு உயரத்துக்கு ஒரு புகைப்படம் மாட்டியிருந்தது. ‘இரண்டே நிமிடத்தில் இடமாற்றம்’ என்று அதற்குத் தலைப்பு. கோட்டு அணிந்த உருமாற்றம் மடிக்கணினிக்கு முன்னால் நின்று கேமராவைப் பார்த்துக் கையை உயர்த்தியிருந்தார். பின்னால் ஆஸ்பத்திரித் தலைவர் கைதட்டிக்கொண்டிருந்தார். ஆளைப் பெரிதாக்கும் ஆசையில் திரையையும் சேர்த்துப் பெரிதாக்கிவிட்டார்கள். கடைசி வரி என்ன என்று ஆய்வாளர் கேட்டார்.

அவள் கிட்டே போய்ப் படித்தாள். “பதினாலாவது போர்ட்டைப் பரிசோதனைக் கூடத்தோட பாதைக்கு மாத்தியிருக்கார். அவ்வளவுதான்.” பிறகு கையிலிருந்த படிவத்தைத் திருப்பி, நகலில் இருந்த தேதியை இன்னொரு முறை பார்த்தாள்.

நான்கு மணிக்கு நிர்வாகியின் அறையில் விசாரணை தொடங்கியது. நிர்வாகி, நேரம் தவறினால் மருத்துவர்களையே நிற்க வைத்துப் பேசும் அம்மா. ஆய்வாளரையும் உட்காரச் சொன்னார். மச்சான் சொல்லாமலே உட்கார்ந்துகொண்டார். உருமாற்றம் இருபது நிமிடம் பேசினார். அனுபவமின்மை, பொறுப்பின்மை, எதிர்காலப் பார்வையின்மை என்று இல்லாதவற்றையெல்லாம் அடுக்கினார். புதுப்பிக்கும்போது இவள் பண்ணிய தவறால் அமைப்பு முழுவதும் அழிந்துபோனது என்று முடித்தார்.

“எனக்கு இதெல்லாம் தெரியாது சார்,” என்றார் ஆய்வாளர். “அழிஞ்சா என்ன மிஞ்சும்?”

“ஒண்ணும் மிஞ்சாது. வெறும் பெட்டி.”

“வெறும் பெட்டிக்கு வந்தவங்களை வரவேற்கத் தெரியுமா?”

பொறுப்பாளர் அம்மா சொன்னதை அவர் நிர்வாகியிடம் விளக்கினார். திங்கட்கிழமை பெட்டி பழுதாகி நிற்கவில்லை. அந்த வயரைப் பார்வையாளர் கூடத்தின் பாதையில் ஒழுங்காகச் சேர்த்துவிட்டது. அந்த அறை எட்டு மாதத்துக்கு முன் அப்படித்தான் இருந்தது. புது மென்பொருள் பழைய அறையைக் கனவில் கண்டிருக்க முடியாது. பெட்டிக்கே அது ஞாபகம் இருந்திருக்க வேண்டும்.

“இந்தப் பொண்ணு எடுத்த நகல்ல, கடைசியா சேமிச்சது மூணு வருஷத்துக்கு முன்னாடி. கூடம் மாறினது எட்டு மாசத்துக்கு முன்னாடி. நடுவுல மாத்தினது எங்கே போச்சு?” அவர் மருமகளைப் பார்த்தார். “மேடத்துக்கு நீயே சொல்லும்மா.”

அவள் சொன்னாள். ஸ்விட்சில் எதை மாற்றினாலும் அந்த நொடியே வேலை செய்யத் தொடங்கும். ஆனால் சேமிக்கும்படி தனியாக ஒரு கட்டளை கொடுக்காவிட்டால், மின்சாரம் இருக்கும்வரைதான் அது நிற்கும். அணைத்துப் போட்டால் பெட்டி கடைசியாகச் சேமித்த இடத்துக்கே திரும்பிவிடும். நானூற்றுப் பதினொரு நாள் அதை யாரும் அணைக்கவில்லை. அதனால்தான் எட்டு மாதம் எல்லாம் சரியாக இருப்பது போலத் தோன்றியது. சனிக்கிழமை அணைத்தது அவள்தான். சேமிக்காமல் விட்டது அவள் அல்ல. கீழே மாட்டியிருக்கும் புகைப்படத்தில் கடைசி வரிக்குப் பிறகு அந்தக் கட்டளை இல்லை.

உருமாற்றம் சிரிக்க முயன்றார். “நான் சேமிச்சேன். நூறு தடவை சேமிச்சிருப்பேன். புது மென்பொருள் அதைப் பழசாக்கிடுச்சு.”

“நல்லது சார்,” என்றார் ஆய்வாளர். “அன்னைக்கே இரண்டாம் மாடி ஸ்விட்சையும் நீங்கதான் மாத்தினீங்க. அதுல இன்னும் புதுசு ஏத்தலை, அணைக்கவும் இல்லை. இப்ப ஒரு தடவை அணைச்சுப் போடலாமா?”

இரண்டாம் மாடியில் பழைய பரிசோதனைக் கூடம் இருந்த இடத்தில்தான் இப்போது பார்வையாளர்கள் உட்கார்ந்திருந்தார்கள். அந்தப் பெட்டிக்கும் பழைய ஞாபகம் திரும்பினால் என்ன ஆகும் என்று நிர்வாகியின் அறையில் கடைசியாகப் புரிந்துகொண்டவர் மச்சான். அவர் முகமே அதைச் சொல்லியது.

“இப்ப வேண்டாம்,” என்றார் உருமாற்றம்.

“ஏன் சார்?”

“வந்தவங்க எல்லாரும் பரிசோதனைக் கூடத்தோட பாதைக்குள்ள...” பாதி வாக்கியத்தில் அவருக்கு அது என்ன வாக்கியம் என்று தெரிந்துவிட்டது. கழுத்துப்பட்டையைச் சரிசெய்துகொண்டார். அது ஏற்கெனவே சரியாகத்தான் இருந்தது.

நிர்வாகி தொலைபேசியை எடுத்து அவளுடைய கடவுச்சொல்லைத் திறக்கச் சொன்னார். அந்த அறையின் கணினியிலேயே அவள் இரண்டாம் மாடி ஸ்விட்சுக்குள் போனாள். ஓடிக்கொண்டிருக்கும் அமைப்பும் சேமித்த அமைப்பும் அருகருகே விரிந்தன. ஆறு வரிகள் வேறாக இருந்தன. ஆறும் பெட்டியின் தற்காலிக ஞாபகத்தில் மட்டுமே தொங்கிக்கொண்டிருந்தன. அவள் சேமிக்கும் கட்டளையைத் தட்டினாள். ஒரு நொடி வேலை.

நிர்வாகி அந்த ‘விளக்கம் கோரும் குறிப்பை’க் கிழித்துக் கூடையில் போட்டார். இத்தோடு விஷயம் முடிந்தது, போய் வேலையைப் பார்க்கலாம் என்றார். மச்சான் எழுந்துவிட்டார். அவள் எழவில்லை.

“மேடம், என் மேல தப்புன்னு எல்லா டிபார்ட்மென்ட்டுக்கும் மெயில் போச்சு. இல்லைன்னும் எல்லாருக்கும் போகணும். சார் கையெழுத்தோட.”

இதெல்லாம் வாய்மொழியாகச் சொன்னால் போதாதா என்று உருமாற்றம் நிர்வாகியைப் பார்த்தார். நிர்வாகி தன் மேசையைக் காட்டி, அங்கேயே உட்கார்ந்து எழுதச் சொன்னார். முதல் வரைவில் ‘கூட்டுக் கற்றல்’ என்று ஒரு சொல் வந்தது. நிர்வாகி அதை அடித்தார். இரண்டாவதில் ‘எதிர்பாராத சூழல்’ வந்தது, அதையும் அடித்தார். மூன்றாவதில் ‘நான் சேமிக்கவில்லை’ என்ற இரண்டு சொல் வந்தது. அதில் அடிக்க ஒன்றும் இல்லை.

மெயில் ஐந்து இருபதுக்கு வந்தது. அவள் இரண்டு முறை படித்தாள். பிறகு ஒரு வெற்றுப் படிவத்தை எடுத்து நிர்வாகியிடம் நீட்டினாள். அடுத்த சனிக்கிழமை இரண்டாம் மாடி ஸ்விட்சைப் புதுப்பித்து அணைத்துப் போட அனுமதி கேட்கும் படிவம்.

“யார் செய்யப் போறது?” என்றார் நிர்வாகி.

“நான்தான் மேடம். அந்த மாடிக் கூடத்தோட சாவி மட்டும் வெள்ளிக்கிழமையே வேணும்.”

நிர்வாகி கையெழுத்துப் போட்டார்.